வலையோரம் தடுமாறாமல் ஆட: கடினமான வாலிகளுக்கு ஒரு வழிகாட்டி

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் வேலைக்கு வந்த பிறகு டென்னிஸ் மட்டையைக் கையில் எடுப்பவர்களுக்கு முதல் சில மாதங்கள் ஆடுகளத்தின் பின்கோடான பேஸ்லைனிலேயே கழிந்துவிடும். ஃபோர்ஹேண்டும் (மட்டை பிடித்த கைப்பக்க அடி) பேக்ஹேண்டும் (மறுபக்க அடி) ஓரளவு படிந்ததும் யாராவது டபிள்ஸ் ஆடக் கூப்பிடுவார்கள். கூப்பிட்டவர் சர்வீஸ் போடப் பின்னால் போய்விட்டு, புதியவரை வலையோரம் நிறுத்திவிடுவார். காலடியில் ஒன்று, நெஞ்சுக்கு நேராக ஒன்று, இடத் தோளுக்கு மேலே ஒன்று என்று பந்துகள் வரத் தொடங்கிய பிறகுதான், இவற்றை எதிர்கொள்ள யாரும் எதுவும் சொல்லித்தரவில்லை என்பது உறைக்கும். நானும் அப்படி நிறுத்தப்பட்டு, கேட்டும் பார்த்தும் அடிவாங்கியும் மெல்லத் தேறியவன்தான். அந்த அலைச்சலைப் புதிதாக வருபவர்களாவது தவிர்க்கட்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன். வலக்கையால் ஆடுபவரை மனத்தில் வைத்தே எழுதியிருக்கிறேன். இடக்கைக்காரர்கள் பக்கங்களை மாற்றிப் படித்துக்கொள்ள வேண்டும்.

வாலி என்பது பந்து தரையில் படும் முன்பே அடிக்கும் அடி. கடினமான வாலியில் மட்டை செய்ய வேண்டிய வேலை மிகக் குறைவு. பந்து எதிராளியின் மட்டையை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே பிடியும் நிற்கும் இடமும் முழங்காலின் மடிப்பும் தயாராக இருந்தால் பாதி வேலை முடிந்துவிட்டது. மீதிப் பாதி, அந்தப் பந்திலேயே புள்ளியை எடுத்துவிட வேண்டும் என்ற ஆசையை அடக்குவது. கீழே வரும் படிகள் எல்லாவற்றுக்கும் இதுவே அடிப்படை.

1. ஆடுகளமும் ஆவணங்களும்

வாலியைத் தனியாகப் பழக வேண்டுமானால், நால்வர் ஆடும் நேரத்துக்கு வெளியே ஆடுகளம் கிடைக்க வேண்டும். ஆகவே உறுப்பினராகச் சேரும் முன்பே, காலை ஆட்டம் முடிந்த பிறகோ பிற்பகலிலோ பயிற்சிக்கு மட்டும் இடம் தருவார்களா என்று கேட்டுவிடுங்கள். இரண்டு மாவட்டத் தலைநகரங்களிலும் உள்ள மாவட்ட விளையாட்டு அரங்குகள் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் கீழ் வருபவை. ஊரில் எந்த ஆடுகளம் வெளியாருக்குத் திறந்திருக்கிறது என்பதை மாவட்ட விளையாட்டு மற்றும் இளைஞர் நலன் அலுவலகத்தில் விசாரிப்பதே நேர்வழி. ஓசூரில் இருப்பவர்கள் தனியார் பயிற்சிக் கூடங்களையும் அடுக்ககங்களுக்குள் இருக்கும் ஆடுகளங்களையும் பார்க்கலாம்.

பொதுவாகக் கேட்கப்படுபவை விண்ணப்பம், ஆதார் நகல், பாஸ்போர்ட் அளவுப் படங்கள், முன்பணம் ஆகியவைதாம். முன்பணம் திரும்பக் கிடைக்குமா, மழை பெய்து ஆட முடியாத நாட்களுக்குக் கட்டணத்தில் கழிவு உண்டா என்ற இரண்டையும் ரசீது வாங்கும்போதே தெளிவாக்கிக்கொள்ளுங்கள். ஐப்பசியில் சேர்பவர்கள் இதை மறந்தால், முதல் மாதக் கட்டணத்தில் பெரும்பகுதி மழையோடு போய்விடும்.

பிள்ளைகளைப் போட்டிகளுக்கு அனுப்ப நினைப்பவர்கள் ஆவண வேலையைச் சற்று முன்னதாகவே தொடங்க வேண்டும். அகில இந்திய டென்னிஸ் சங்கத்தின் தரவரிசைப் போட்டிகள் 12, 14, 16, 18 வயதுக்குட்பட்டோர் என்று பிரித்து நடத்தப்படுவதால், பதிவுக்குப் பிறப்புச் சான்றிதழ்தான் முதன்மையான தாள். அந்தச் சான்றிதழில் குழந்தையின் பெயர் ஏறாமலேயே இருப்பதும், ஆதாரில் தலைப்பெழுத்து ஒரு விதமாகவும் சான்றிதழில் வேறு விதமாகவும் இருப்பதும் நம் பக்கம் சர்வசாதாரணம். போட்டிக்கு விண்ணப்பிக்கும் கடைசி நாளன்று இதைக் கண்டுபிடித்தால் செய்வதற்கு ஒன்றும் இருக்காது.

2. செலவு எங்கே, சிக்கனம் எங்கே

மூன்று பந்துகள் கொண்ட டப்பா ஒன்று ஏறத்தாழ 400 முதல் 600 ரூபாய் வரை ஆகும். டப்பாவைத் திறந்த சில வாரங்களில் பந்தின் உள்ளழுத்தம் குறைந்து, துள்ளல் போய்விடும். ஆனால் வாலி தரையைத் தொடாத பந்தை அடிப்பது என்பதால், மற்றவர்கள் ஒதுக்கிவிட்ட பழைய பந்துகளே பயிற்சிக்குப் பெரும்பாலும் போதும். கேட்டால் சும்மாவே கொடுத்துவிடுவார்கள். காலடியில் துள்ளி எழும்பும்போதே எடுக்கும் ஹாஃப் வாலிக்கு மட்டும் ஓரளவு புதிய பந்து வேண்டும். தொடக்கத்தில் வேகம் பயமுறுத்தினால், வழக்கமான பந்தைவிடக் கால் பங்கு வேகம் குறைவாக இருக்கும்படி செய்யப்படும் பச்சைப் புள்ளி போட்ட பந்துகளை வாங்கலாம். அவை சிறுவர்களுக்கானவை என்று வெட்கப்பட வேண்டியதில்லை.

மட்டைக்கு நரம்பு கட்டும்போது (கட்டிங்) ஒரு பொறி இருக்கிறது. நம் ஊர்களில் பேட்மின்டன் மட்டைக்கு நரம்பு கட்டுபவர்கள் எளிதாகக் கிடைப்பார்கள். டென்னிஸ் மட்டைக்கு வேண்டிய இழுவிசை அதைப் போல ஏறத்தாழ இரு மடங்கு, அதாவது 50 பவுண்டுக்கு மேலும் கீழுமாக வரும். அந்த அளவுக்கு இழுக்கும் இயந்திரம் இருக்கிறதா என்று கேட்காமல் மட்டையைக் கொடுத்துவிடாதீர்கள். இல்லையென்றால் சேலத்துக்கோ பெங்களூருக்கோ போகிறவர்களிடம் கொடுத்தனுப்புவதே மேல். நரம்போடு சேர்த்து 600 ரூபாயிலிருந்து 1,500 ரூபாய் வரை ஆகலாம், போய்வர ஒரு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். வலையோரம் அதிகம் நிற்கப் போகிறவர் மட்டையின் சட்டத்தில் அச்சிட்டிருக்கும் இழுவிசை வரம்பின் நடுப்பகுதியைக் கேட்டால் போதும். மிக இறுக்கமாகக் கட்டினால் மையம் தவறிப் பட்ட ஒவ்வொரு பந்தும் முழங்கையில் தெரியும்.

காலணியில் மட்டும் சிக்கனம் வேண்டாம். ஓடுவதற்கான காலணியின் குதி உயர்ந்திருக்கும்; வலையோரம் பக்கவாட்டில் பாயும்போது கணுக்கால் பிசகுவதற்கு அதுவே வழி செய்துவிடும்.

3. ஒரே பிடியில் நில்லுங்கள்

ஃபோர்ஹேண்டுக்கு ஒரு பிடி, பேக்ஹேண்டுக்கு ஒரு பிடி என்று மாற்றி மாற்றிப் பழகிய கைக்கு வலையோரம் நேரம் கிடைக்காது. ஏன் கிடைக்காது என்பதைக் கணக்காகவே பாருங்கள். வலையிலிருந்து பேஸ்லைன் 11.88 மீட்டர். நீங்கள் வலைக்கு இப்பால் 3 மீட்டரில் நின்றால், பேஸ்லைனில் இருக்கும் எதிராளிக்கும் உங்களுக்கும் இடையே ஏறத்தாழ 15 மீட்டர். மணிக்கு 90 கிலோமீட்டர் என்பது வினாடிக்கு 25 மீட்டர். காற்று கொஞ்சம் வேகத்தைத் தின்றாலும் முக்கால் வினாடிக்குள் பந்து உங்களிடம் வந்துவிடும். எதிராளி, வலைக்கும் பேஸ்லைனுக்கும் இடையே இருக்கும் சர்வீஸ் லைன் வரை முன்னேறியிருந்தால் தூரம் 10 மீட்டருக்கும் கீழே இறங்கி, கிடைக்கும் நேரம் அரை வினாடியைக்கூட எட்டாது. பந்தைப் பார்த்து, பக்கத்தைத் தீர்மானித்து, பிடியை மாற்றி, மட்டையைப் பின்னால் இழுத்து அடிப்பதற்கு அந்த நேரம் எந்த வகையிலும் போதாது.

ஆகவே கான்டினென்டல் பிடி ஒன்றையே எல்லா வாலிக்கும் வைத்துக்கொள்ள வேண்டும். மட்டையின் முகம் தரைக்குச் செங்குத்தாக நிற்க, விளிம்பால் ஆணி அடிக்கப் போகிறவர் சுத்தியலைப் பிடிப்பது போலக் கைப்பிடியைப் பிடித்தால் ஏறக்குறைய அந்தப் பிடி வந்துவிடும். எட்டுப் பட்டை கொண்ட கைப்பிடியில் மேல்பட்டைக்கு வலப்பக்கம் சரிந்திருக்கும் பட்டையின் மேல் சுட்டுவிரலின் அடிமுட்டி அமர வேண்டும். முதல் இரண்டு வாரம் ஃபோர்ஹேண்ட் வாலிகள் எல்லாம் மேலே பார்த்தபடி பறக்கும். அதைப் பார்த்துப் பழைய பிடிக்குத் திரும்பிவிடுபவர்கள்தாம் அதிகம். திரும்பாதீர்கள். மணிக்கட்டு பழகியதும் அது தானாகச் சரியாகும்.

பந்து படும் நொடி தவிர மற்ற நேரமெல்லாம் விரல்கள் தளர்வாகவே இருக்கட்டும். இடக் கை மட்டையின் கழுத்தைத் தாங்கியிருந்தால் வலக் கைக்கு இறுக வேண்டிய தேவை வராது.

4. எங்கே நிற்பது, எப்போது அசைவது

வலையிலிருந்து இரண்டரை முதல் மூன்று மீட்டர் வரை புதியவர்களுக்கு ஏற்ற இடம். இன்னும் ஒட்டி நின்றால் தலைக்கு மேல் லாப் (உயரத் தூக்கிப் போடும் பந்து) போகும். சர்வீஸ் லைன் பக்கம் பின்வாங்கினால் வருவதெல்லாம் காலடியில் விழும். பயத்தில் பின்வாங்குவது இயல்பு. ஆனால் கடினமான வாலிகளில் பாதியை நாமே உண்டாக்கிக்கொள்வது அந்தப் பின்வாங்கலால்தான்.

எதிராளி மட்டையை முன்னோக்கி வீசத் தொடங்கும்போது நீங்கள் ஒரு சிறு துள்ளல் போட்டு, அவர் மட்டையில் பந்து படும் வேளையில் இரண்டு பாதங்களும் தோளகலத்துக்கு விரிந்து தரையில் இறங்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். இதைத்தான் பயிற்சியாளர்கள் ஸ்பிளிட் ஸ்டெப் என்பார்கள். ஓடிக்கொண்டே அடிக்கும் வாலியைவிட, இரண்டடி பின்னாலேயே இருந்தாலும் நின்று இறங்கி அடிக்கும் வாலி எப்போதும் மேலானது. உங்கள் கூட்டாளி சர்வீஸ் போடும் ஒவ்வொரு முறையும், பந்து உங்களிடம் வராவிட்டாலும், இந்தத் துள்ளலைச் செய்யுங்கள். எனக்குத் தெரிந்து வேறெந்த ஒரு பழக்கமும் இவ்வளவு விரைவாகப் பலன் தருவதில்லை.

5. காலடியில் விழும் பந்து

எல்லாவற்றிலும் கடினமானதும், டபிள்ஸில் அடிக்கடி வருவதும் இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். வலையின் உயரம் நடுவில் 0.914 மீட்டர், கம்பங்களில் 1.07 மீட்டர். உங்கள் கணுக்காலுக்கு அருகே, தரையிலிருந்து 30 சென்டிமீட்டர் உயரத்தில் பந்தை எடுக்கிறீர்கள் என்றால் அது குறைந்தது 60 சென்டிமீட்டர் மேலே ஏறித்தான் வலையைத் தாண்ட முடியும். மேலே ஏறும் பந்தை வேகமாக அடித்தால் அது எதிர் பேஸ்லைனுக்கு வெளியே போகும். வலைக்கு எவ்வளவு அருகே நிற்கிறீர்களோ அவ்வளவு செங்குத்தாக அது ஏற வேண்டும். அவ்வளவு மென்மையாக நீங்கள் தொட வேண்டும். இதில் அடித்து வெல்ல வழியே இல்லை என்பதை மனம் ஏற்றுக்கொண்டால் கை தானாக அடங்கும்.

செய்முறை இது. குனிவது இடுப்பிலிருந்து அல்ல, முழங்காலிலிருந்து. பின்கால் முழங்கால் தரையை உரசும் அளவுக்கு இறங்கினாலும் தவறில்லை. கண் பந்தின் மட்டத்துக்கு நெருங்க வேண்டும். ஃபோர்ஹேண்ட் பக்கமானால் இடக் கால் முன்னே, பேக்ஹேண்ட் பக்கமானால் வலக் கால் முன்னே. மட்டையின் தலை மணிக்கட்டுக்குக் கீழே தொங்கிவிடாமல், முடிந்தவரை இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்கட்டும். மட்டையின் முகம் வானத்தை நோக்கிச் சற்றே திறந்திருக்க, பந்தை முன்காலுக்கும் முன்னால் சந்தித்து, அது போக வேண்டிய திசையில் ஒரு முழ நீளம் மட்டையை நகர்த்தி நிறுத்திவிடுங்கள். பந்து போன பிறகும் ஒரு கணம் இறங்கியே இருங்கள். பந்து எங்கே போனது என்று பார்க்கும் அவசரத்தில் எழுந்துவிடுவதால்தான் பாதிப் பந்துகள் வலையில் மாட்டுகின்றன.

எங்கே அனுப்புவது? டபிள்ஸில் நடுவே அனுப்புங்கள்: வலை அங்கேதான் 15 சென்டிமீட்டருக்கு மேல் தாழ்ந்திருக்கிறது, எதிராளிகள் இருவரில் யார் எடுப்பது என்ற தயக்கமும் அங்கேதான் பிறக்கிறது. ஒற்றையர் ஆட்டத்தில் உங்களுக்கு நேர் எதிரே ஆழமாக, அதாவது எதிர் பேஸ்லைனுக்கு அருகே போடுவது நல்லது. குறுக்கே போட்டால் உங்கள் மறுபக்கம் முழுவதும் திறந்து கிடக்கும்.

மேற்சுழல் கொடுத்து அடிக்கும் எதிராளியின் பந்து வலையைத் தாண்டியதும் சட்டென்று தாழும். அது தாழட்டும் என்று காத்திருப்பது புதியவர்களின் பொதுவான பழக்கம். ஓர் எட்டு முன்னே வைத்தால் அதே பந்து இடுப்புயரத்தில் கிடைத்திருக்கும்.

அதற்கும் நேரமில்லாமல் பந்து காலடியில் தரையைத் தொட்டுவிட்டால் அது ஹாஃப் வாலி. இங்கே மட்டையின் முகத்தைத் திறக்கக் கூடாது. துள்ளும் பந்து தானாகவே மேலே எழும்பும் என்பதால், முகம் ஏறக்குறைய நேராகவும் மட்டை தரையை ஒட்டியும் இருந்தால் போதும். பந்து தரையைத் தொட்ட இடத்துக்கு மட்டையைக் கொண்டுபோய், அது எழும்பத் தொடங்கும் கணத்திலேயே சந்தித்து, மெல்ல முன்னும் மேலுமாக உயர்த்துங்கள். மண் தரையில் துள்ளல் ஒழுங்காக இருக்காது. கடின தரை கிடைத்தால் இதை முதலில் அங்கே பழகுங்கள்.

6. உடம்புக்கு நேராக வரும் பந்து

நெஞ்சுக்கோ வயிற்றுக்கோ நேராக வரும் பந்தை ஃபோர்ஹேண்டில் எடுக்க முயன்றால் முழங்கை விலாவில் இடித்துக்கொண்டு நின்றுவிடும். வலது இடுப்பிலிருந்து இடப்பக்கம் வரும் எதையும் பேக்ஹேண்ட் முகத்தால்தான் எடுக்க வேண்டும் என்று விதியாகவே வைத்துக்கொள்ளுங்கள். முழங்கையைச் சற்று வெளியே தூக்கி, மட்டையை மார்புக்கு முன்னே குறுக்காகக் கொண்டுவந்தால் அதுவே தடுப்பாகிவிடும். நேரமிருந்தால் வலக் காலை வலப்பக்கம் எடுத்து வைத்து உடம்பை விலக்குங்கள். இல்லையென்றால் இடுப்பை மட்டும் சாய்த்தால் போதும். மட்டையைப் பின்னால் இழுக்கவே கூடாது. வேகத்தை எதிராளியே கொடுத்துவிட்டார். பந்து படும் கணத்தில் விரல்களை இறுக்கினால் அது தானாகத் திரும்பிப் போகும்.

முகத்தைத் திருப்பிக்கொள்வதும் கண்ணை மூடிக்கொள்வதும் இங்கே உண்மையான ஆபத்து. மட்டை முகத்துக்கு முன்னே இருந்தால் அதுவே காப்பு. மட்டை இடுப்பில் தொங்க, தலையை மட்டும் திருப்பினால் கண்ணோரத்தில் படும். கண்ணாடி அணிபவர்கள் உடையாத வில்லையும் பின்பட்டியும் போட்டுக்கொள்வது நல்லது.

7. இடத் தோளுக்கு மேலே வரும் பந்து

உயர்ந்த பேக்ஹேண்ட் வாலிக்கு வலிமை தரும் தசைகள் குறைவு என்பதால், தேர்ந்தவர்களுக்கும் இது தலைவலிதான். பந்து மெதுவாக வருகிறது என்றால் இடப்பக்கம் சுற்றிப் போய் ஸ்மாஷாக, தலைக்கு மேலிருந்து ஓங்கி அடித்துவிடுங்கள். முடியாதபோது, முதுகின் ஒரு பகுதி எதிராளிக்குத் தெரியுமளவு தோளைத் திருப்பி, இடக் கையால் மட்டையின் கழுத்தைக் கடைசி நொடி வரை பிடித்திருந்து, மணிக்கட்டை அசைக்காமல் குறுகலாகத் தள்ளுங்கள். ஆழமாகப் போனால் போதும். கீழே அறைய முயன்றால் வலையில் முடியும்.

ஓசூர்க்காரர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு: அவ்வூர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் காற்று மெலிந்து, பந்து தருமபுரியில் போவதைவிடச் சற்று அதிகம் போகும். உயர்நிலப் பந்துகளை விதிகள் அனுமதிப்பது 1,219 மீட்டருக்கு மேல்தான் என்பதால் அங்கும் வழக்கமான பந்தே பயன்படும். இரண்டு ஊரிலும் ஆடுபவர்கள் ஓசூரில் ஆழத்தை அதற்கேற்பக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

8. எட்டாத பந்தும் தயங்கி வரும் பந்தும்

அகலமாகப் போகும் பந்துக்குக் கையை நீட்டுவதற்கு முன் காலை நீட்டுங்கள். பந்துக்குத் தூரமாக இருக்கும் காலைக் குறுக்கே எடுத்து வைத்தால் ஒரு மீட்டருக்கு மேல் கூடுதலாக எட்டும். வீச வேண்டாம், முகத்தைக் காட்டினால் போதும்.

வேகமே இல்லாமல் மிதந்து வரும் பந்து எளிது என்று தோன்றும். பலர் கோட்டைவிடுவது இதில்தான். அது கொண்டுவரும் வேகம் ஏதுமில்லை என்பதால் நீங்கள்தான் முன்னேறி அடியெடுத்து வைத்து எடையைக் கொடுக்க வேண்டும். நின்ற இடத்தில் காத்திருந்தால் வலைமட்டத்துக்குக் கீழே இறங்கி ஐந்தாம் படியின் தொல்லையாக மாறிவிடும். ஆடி மாதக் காற்றில் இது இன்னும் மோசம். கால் கடைசிவரை சிறு சிறு எட்டுகளாக அசைந்துகொண்டே இருக்கட்டும்.

9. புள்ளியைப் பறிக்கும் விதிகள்

பந்து ஆட்டத்தில் இருக்கும்போது உங்கள் உடலோ உடையோ மட்டையோ வலையைத் தொட்டால் புள்ளி போயிற்று. வலையின் அப்பக்கத்திலேயே பந்தைத் தொடக் கூடாது. இப்பக்கத்தில் அடித்துவிட்டு மட்டை அப்பால் போவது மட்டும் குற்றமல்ல. வெளியே போகப்போகும் பந்து உங்கள் சட்டையில் பட்டாலும், கோட்டுக்கு வெளியே நின்று அதைக் கையால் பிடித்தாலும் புள்ளி எதிராளிக்கே. நம் ஆட்டங்களில் இதற்குத்தான் அதிகம் வாக்குவாதம் நடக்கிறது. சர்வீஸைத் தரையில் படும் முன் வாலியாக அடிக்கவும் கூடாது.

10. பயிற்சிக்கான கால அளவு

வாரம் மூன்று நாள், நாளுக்கு முக்கால் மணி நேரம் என்று இரண்டு மாதம் ஒதுக்குங்கள். முதல் இரண்டு வாரம் மட்டையின் பின்பக்கம் கம்பி வேலியைத் தொடும்படி வேலியோரம் நின்று, நண்பர் ஒருவர் கையால் எறியும் பந்துகளைத் திருப்பி அனுப்புங்கள். பின்னால் இழுக்க வேலி இடம் தராது. அடுத்த இரண்டு வாரம் மூன்று மீட்டர் தள்ளி நின்று சுவரோடு ஆடுங்கள். பள்ளி மைதானத்துச் சுவர் போதும், கேட்டுவிட்டுச் செய்யுங்கள். அதன் பிறகுதான் எதிரே ஒருவர் மட்டையால் அடித்துத் தர வேண்டும்: ஒரு வாரம் காலடிக்கு மட்டும், ஒரு வாரம் உடம்புக்கு மட்டும், கடைசி இரண்டு வாரம் எல்லாம் கலந்து.

மார்க்கரை (கூலிக்குப் பந்து அடித்துத் தந்து பழக்குபவர்) அமர்த்துவதானால் இந்தக் கடைசி நான்கு வாரத்துக்கு மட்டும் அமர்த்துங்கள். அதற்கு முன் கொடுக்கும் பணம் வீண். மணிக்கு எவ்வளவு என்பதோடு, பந்து யாருடையது, ஆடுகளக் கட்டணம் அதில் அடங்குமா என்பதையும் முதல் நாளே பேசிக்கொள்ள வேண்டும். மார்கழி, தை மாதங்களில் விடியற்காலைப் பனியில் பந்து ஈரம் குடித்துக் கனத்துவிடும். அந்த மாதங்களில் ஏழரை மணிக்கு மேல் தொடங்கினால் பந்தும் மிஞ்சும், முழங்கையும் மிஞ்சும். முழங்கையின் வெளிப்பக்கத்து வலி இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் பட்டை மாட்டிக்கொண்டு ஆடிச் சமாளிக்கப் பார்க்காமல், பயிற்சியை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.